இதய ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் வரும் பயம்: நோயாளிக்கும் கூட இருப்பவர்களுக்கும் ஒரு வழிகாட்டி

என் அப்பாவுக்கு பைபாஸ் (இதயத்தில் அடைத்துக்கொண்ட ரத்தக்குழாய்க்கு மாற்றுப் பாதை போடும் ஆபரேஷன்) என்று முடிவானபோது வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி ஒரு தீர்மானத்துக்கு வந்தோம். அவரிடம் முழு விவரமும் சொல்ல வேண்டாம். "சின்ன ஆபரேஷன்தான்ப்பா, நாலு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்" என்று சொல்லித்தான் அழைத்துப் போனோம். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஆனால் ஐசியூவில் அவர் கண் விழித்தபோது வாயில் குழாய், இரண்டு கையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தது, பேச்சு வரவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே சொன்னார்: "என்னை யாரோ புடிச்சிட்டு வந்து கட்டிப்போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்மா. உங்களையெல்லாம் என்ன பண்ணாங்களோன்னு அழுகையா வந்துச்சு. கத்தலாம்னா சத்தம் வரல."

அந்தக் குழாயைப் பற்றி முன்கூட்டியே இரண்டு வரி சொல்லியிருந்தால் அந்த ராத்திரி அவருக்கு அப்படிப் போயிருக்காது. ஆறு வருஷம் கழித்து என் மாமியாருக்கு இதய வால்வு மாற்ற வேண்டி வந்தது. அத்தையிடம் ஒன்று விடாமல் சொல்லி அழைத்துப் போனோம். இரண்டு முறையும் நான்தான் கூட இருந்தேன். இரண்டுக்கும் நடுவே நான் கற்றுக்கொண்டதை, இப்போது முதல்முறை இந்த வாசலில் நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

முதல் வேலை: நோயாளியிடம் மறைக்காதீர்கள்

நம் வீடுகளில் இது பழக்கம். ரிப்போர்ட்டை மகன் வாங்கிக்கொள்வான், டாக்டரிடம் மருமகன் பேசுவார், நோயாளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அன்பில்தான் செய்கிறோம். ஆனால் அவருக்குத் தெரியாமல் இருப்பதில்லை. எல்லோரும் ஒதுங்கி நின்று பேசுவதைப் பார்த்தே, உண்மையைவிடப் பத்து மடங்கு மோசமாக ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார். அந்தப் பயத்தை யாரிடமும் கேட்கவும் முடியாது.

சொல்வது பயத்தைக் குறைக்கும் என்பது வெறும் ஆறுதல் வார்த்தை கிடையாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர்கள் வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் போய், எங்கே வலிக்கும், எவ்வளவு நாள் வலிக்கும், வலிக்கும்போது உடம்பை எப்படித் தளர்த்துவது, எப்படிப் புரண்டு படுப்பது என்று உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பிரிவினருக்கு வலி மருந்து ஏறக்குறையப் பாதிதான் தேவைப்பட்டது. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போனார்கள். 1964இல் வெளிவந்த ஆய்வு இது. அவர்கள் கூடுதலாகக் கொடுத்தது பேச்சு ஒன்றைத்தான்.

சரி, எப்படிச் சொல்வது? ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். "அப்பா, நெஞ்சைத் திறந்துதான் செய்யணும்னு டாக்டர் சொல்றார். எப்படிச் செய்வாங்க, அப்புறம் எப்படி இருக்கும்னு கேட்டு வெச்சிருக்கேன். இப்பச் சொல்லவா, நாளைக்குச் சொல்லவா?" என்று கேளுங்கள். சிலருக்கு எலும்பை எதால் அறுப்பார்கள் என்பது வரை தெரிய வேண்டும். சிலருக்கு "என்னைக்கு எழுந்து நடப்பேன்" என்பது மட்டும் போதும். அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள். ஆனால் கண் விழிக்கும்போது என்ன இருக்கும் என்பதை மட்டும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். அதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துவிடும். வெளியே வந்ததும்தான் பத்துக் கேள்வி ஞாபகம் வரும். எனவே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, கேள்விகளை நோயாளியின் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அத்தை எழுதச் சொன்ன முதல் கேள்வி, "நடுவுல முழிச்சுக்கிட்டா என்ன பண்றது?" என்பது. இப்படி ஒரு பயம் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டோம். ஆபரேஷன் முடியும் வரை தானோ தன் ஆளோ அவர் தலைமாட்டை விட்டு நகர்வதில்லை, மயக்கத்தின் அளவைப் பார்த்துக்கொண்டே இருப்போம் என்று அவரே அத்தையின் கையைப் பிடித்துச் சொன்னார். பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும் வாய்ப்பு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். அதைத் தவறவிடாதீர்கள்.

ஆபத்து எவ்வளவு என்பதையும் நேராகவே கேட்டுவிடுங்கள். திட்டமிட்டுச் செய்யும் பைபாஸில், வேறு பெரிய கோளாறு இல்லாதவர்களுக்கு, உயிருக்கு ஆபத்து நூற்றில் ஒன்று இரண்டு என்ற அளவில்தான் இருக்கிறது. வயது, சர்க்கரை, சிறுநீரகம், இதயம் பம்ப் செய்யும் திறன் இவற்றைப் பொறுத்து இது கூடும். உங்கள் ஆளுக்கு எவ்வளவு என்பதை டாக்டரால் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். சம்மதப் படிவத்தில் "உயிருக்கு ஆபத்து நேரலாம்" என்ற வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும்போது கை நடுங்காதவர்கள் கிடையாது. அந்த எண்ணை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் நடுக்கம் கொஞ்சம் குறையும்.

இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனை டாக்டர் கே. எம். செரியன் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் செய்தார். "அம்பது வருஷமா நம்ம ஊர்லயே செஞ்சிட்டு வர்றாங்கப்பா" என்ற ஒரு வாக்கியம், என் அனுபவத்தில், எத்தனையோ பொதுவான தைரிய வார்த்தைகளைவிட வேலை செய்தது.

இன்னொரு பயம் பணம். ஆண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. "எனக்கு எதுக்கு இந்தச் செலவு" என்று ஆபரேஷனே வேண்டாம் என்பார்கள், நாம் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மருத்துவமனையிலேயே அந்தத் திட்டத்துக்கான மேஜை இருக்கும். முன் அனுமதி வாங்கிவிட்டு, எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கை அவரிடமே காட்டிவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய ஒரு வாரம்

குடிப்பழக்கம் இருந்தால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மனைவி, மகள் முன்னால் "எப்பவாவதுதான்" என்பார்கள். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், பதற்றம், பிதற்றல் எல்லாம் வரும். அது ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஐசியூவில் வந்தால் பெரிய ஆபத்து. டாக்டருக்கு முன்பே தெரிந்தால் அதற்கு மருந்து கொடுத்துச் சமாளிப்பார். கூட வருபவர்கள் ஐந்து நிமிஷம் வெளியே போய்விட்டு, டாக்டரோடு அவரைத் தனியாகப் பேச விடுங்கள். தூக்க மாத்திரை போடும் பழக்கத்துக்கும் இதே கதைதான். தூக்கம் வரவில்லையே என்று மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடவும் கூடாது.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்கள். நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக மூச்சை உள்ளே இழுத்து, பந்தை மேலேயே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். இதை ஆபரேஷனுக்கு முன்பே பழகிவிட்டால் நுரையீரலுக்கு நல்லது. அதைவிட, பயந்து சும்மா உட்கார்ந்திருப்பவருக்குத் தன் உடம்புக்காகத் தானே செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. அத்தை தினமும் எத்தனை பந்து ஏறியது என்று நோட்டில் எழுதிவைத்தார்.

பதற்றம் கூடும்போது இன்னொன்றும் செய்யலாம். ஒரு கையை வயிற்றில் வைத்து, மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிஷம். வெளிமூச்சு நீளமாகப் போகும்போது நாடி தானாகவே தணியும். முதல் நாளே பலன் தெரியாது. ஒரு வாரம் பழகினால் ஐசியூவில் அது கைகொடுக்கும்.

பார்க்க வருபவர்களை வடிகட்டுங்கள். "எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான்..." என்று ஆரம்பிக்கிற ஒரு ஆளாவது வருவார். வாசலிலேயே ஒருவர் நின்று, "நல்லது மட்டும் பேசுங்க" என்று சொல்லி உள்ளே விடுவதில் தப்பே இல்லை. மாறாக, அதே ஆபரேஷன் செய்து நன்றாக நடமாடும் ஒருவர் தெரிந்தவராக இருந்தால் கட்டாயம் கூட்டி வாருங்கள். எங்கள் தெருவில் பைபாஸ் செய்துகொண்ட ஒரு ஆசிரியர் சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டி, "இவ்வளவுதாம்மா" என்றார். அத்தை அதைத் தொட்டுப் பார்த்தார்.

நாள் பார்ப்பது பற்றி: திட்டமிட்டுச் செய்கிற ஆபரேஷன், டாக்டரும் சரி என்கிறார் என்றால், அஷ்டமி நவமி இல்லாத நாளாகக் கேட்டு வாங்குங்கள். நோயாளியின் மனசு நிம்மதியாகிறதே, அது போதும். டாக்டர் அவசரம் என்றால் நாள் பார்த்துக் காத்திருக்காதீர்கள். தேதி முடிவானாலும் கடைசி நேரத்தில் வேறு அவசரக் கேஸ் வந்து ஒரு நாள் தள்ளிப்போகலாம். அதையும் முன்பே சொல்லிவைத்தால் அபசகுனமாகத் தோன்றாது.

இன்னும் ஒரு வேலை. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் என்ன செய்ய ஆசை என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். ஜெர்மனியில் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் பைபாஸுக்குக் காத்திருந்த 124 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2017இல் வெளிவந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி இருக்கும், என்னென்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே பேசித் திட்டம் போட்டவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஆறு மாதத்தில் அன்றாட வேலைகளுக்கு நன்றாகத் திரும்பியிருந்தார்கள். அத்தை சொன்னது: "மாடிக்குப் போய் வத்தல் காயப்போடணும்." எழுதிக்கொண்டேன்.

முந்தின ராத்திரி

உடம்பு முழுக்க முடி எடுப்பார்கள். நெஞ்சு, கால், அடிவயிறு எல்லாம். கூச்சமாக இருக்கும், குறிப்பாக வயதானவர்களுக்கு. முன்பே தெரிந்தால் அவமானமாகத் தோன்றாது. கிருமிநாசினி கலந்த குளியல் இருக்கும். நகப்பூச்சை அழிக்கச் சொல்வார்கள், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி சரியாகக் காட்டுவதற்காக. பல்செட், மூக்குத்தி, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

தாலி விஷயம் தனி. அந்த ராத்திரி அத்தைக்கு ஆபரேஷனைவிட அதுதான் பெரிய பயமாக இருந்தது. நர்ஸ் வந்து கேட்டபோதுதான் தெரியவந்திருந்தால் அழுதே இருப்பார். நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். மாமாவே கழற்றி வாங்கி, ஒரு மஞ்சள் துணியில் முடிந்து தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "உன்னை உள்ளே அனுப்பிட்டு இதோடதான் வாசல்ல உக்காந்திருப்பேன்" என்றார். அத்தை அதற்கப்புறம் தூங்கிவிட்டார். நீங்களும் இதை நர்ஸ் வந்து கேட்கும் நேரத்துக்கு விட்டுவைக்காதீர்கள்.

சாப்பாட்டை எப்போது நிறுத்துவது, தண்ணீர் எதுவரை குடிக்கலாம், காலை மாத்திரைகளில் எதைப் போடலாம் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தூக்கமே வராது என்றால் டாக்டரிடம் சொல்லலாம், தேவைப்பட்டால் அவரே மருந்து தருவார்.

கண் விழிக்கும்போது: இதை வரிசையாகச் சொல்லிவையுங்கள்

நான் அத்தையிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் உங்கள் பேச்சில் மாற்றிச் சொல்லிக்கொள்ளுங்கள்.

"அத்தை, முழிக்கும்போது முதல்ல சத்தம்தான் கேட்கும். பீப் பீப்னு நிறைய மிஷின் அடிக்கும். எல்லாச் சத்தமும் ஆபத்துன்னு அர்த்தம் இல்ல. மருந்து ஏத்துற மிஷின்ல மருந்து தீர்ந்தாலும் அடிக்கும், விரல்ல மாட்டின கிளிப் நழுவினாலும் அடிக்கும்.

"வாயில ஒரு குழாய் இருக்கும். உங்களுக்குப் பதிலா மிஷின் மூச்சு விடுது. அதை எதிர்த்து மூச்சு விடாம அதோட போக்குல விட்டுடுங்க. அந்தக் குழாய் குரல் நாண் நடுவுல போறதால பேச்சு வராது. குரல் போயிடல. எடுத்ததும் வந்துடும், ஒண்ணு ரெண்டு நாள் கரகரன்னு இருக்கும். நல்லா முழிச்சு, சொந்தமா மூச்சு விட்டதும் எடுத்துடுவாங்க. சில பேருக்குச் சில மணி நேரத்துல, சில பேருக்கு மறுநாள்.

"கையைக் கட்டியிருப்பாங்க. தூக்கக் கலக்கத்துல குழாயைப் பிடுங்கிடக் கூடாதுன்னு. கோபத்துல கட்டல. குழாயை எடுத்ததும் கையையும் அவிழ்த்துடுவாங்க.

"தாகம் நாக்கை இழுக்கும். தண்ணி தர மாட்டாங்க, உதட்டை மட்டும் நனைப்பாங்க. குளிரும். ஆபரேஷன்ல உடம்பைக் கொஞ்சம் குளிர வெச்சிருப்பாங்க, அதான். கழுத்துல ஊசி, வயித்துக்கு மேல ரெண்டு மூணு குழாய், மூத்திரத்துக்கு ஒரு குழாய். எல்லாம் தற்காலிகம்.

"வலிச்சா ஒரு விரலை ஆட்டுங்க. மூச்சு கஷ்டமா இருந்தா ரெண்டு விரல். ஏதாவது சொல்லணும்னா எழுதற மாதிரி காட்டுங்க."

இந்த விரல் கணக்கை ஐசியூ நர்ஸிடமும் முன்பே சொல்லியிருந்தோம். மறுநாள் அந்த நர்ஸ் என்னிடம் சொன்னார்: அத்தை கண் விழித்ததும் கட்டியிருந்த கையைப் பார்த்தாராம், தலையை ஆட்டினாராம், அப்புறம் ஒரு விரலை ஆட்டினாராம். வலி மருந்து கொடுத்தார்கள், தூங்கிவிட்டார்.

நெஞ்சுக் குழாயை எடுக்கும்போது சில நொடி சுருக்கென்று எரிந்து இழுக்கும். அதை முன்பே சொல்லிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். இருமல் வந்தால் நடு நெஞ்செலும்பு பிளந்துவிடுமோ என்று எல்லோரும் பயந்து இருமலை அடக்குவார்கள். எலும்பை ஸ்டீல் கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி தாங்கும்படி இருக்கும். சளியை வெளியேற்றியே ஆக வேண்டும்.

வாசலில் இருப்பவர்களுக்கு

"நாலு மணி நேரம் ஆகும்" என்றால் அது பெரும்பாலும் ஆபரேஷன் நேரம் மட்டும். அதற்கு முன் மயக்கம் கொடுத்து, ஊசிகள் போட்டுத் தயார் செய்யவே ஒரு மணி நேரம் ஆகலாம். முடிந்தபின் ஐசியூவுக்கு மாற்றி எல்லாவற்றையும் பொருத்தவும் நேரம் பிடிக்கும். ஐந்தாவது மணி நேரத்தில் யாரும் வெளியே வரவில்லை என்று கலங்காதீர்கள். தகவல் கேட்க ஒரே ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுங்கள். முதல்முறை உள்ளே போய்ப் பார்க்கும்போது முகம் வீங்கியிருக்கும், கை சில்லென்று இருக்கும், உடம்பெல்லாம் ஒயர். அழுகை வரும். வந்தால் வெளியே வந்து அழுங்கள். அவர் மயக்கத்தில் இருந்தாலும் காதருகே பெயர் சொல்லி, "ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு, நல்லா முடிஞ்சிடுச்சு, நாங்க வெளிய இருக்கோம்" என்று சொல்லுங்கள்.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் குழப்பம்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் வந்ததும் குடும்பமே ஆடிப்போகும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "இவங்க என்னைக் கொல்லப் பாக்குறாங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்பார். செத்துப்போன அம்மா வந்து நிற்கிறாள் என்பார். அத்தைக்குச் சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. ராத்திரியில் கூடும், பகலில் தெளிந்தது போல இருக்கும். வயதானவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது. புத்தி பிசகிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது: உடனே நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். கிருமித் தொற்று, ஆக்ஸிஜன் குறைவு, உப்புச் சத்து மாற்றம், ஏதாவது மருந்து என்று காரணம் தேட வேண்டியிருக்கும். அவர் சொல்வதை மறுத்து வாதாடாதீர்கள், அதற்காக "ஆமாம் எறும்பு இருக்கு" என்றும் சொல்லாதீர்கள். "எனக்குத் தெரியலை அத்தை. ஆனா நீங்க பயப்படுறது தெரியுது. நான் இங்கதான் இருக்கேன். இன்னைக்கு வியாழக்கிழமை, ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். மூக்குக் கண்ணாடி, காது கருவி, பல்செட் மூன்றையும் ஐசியூவில் எவ்வளவு சீக்கிரம் திருப்பிக் கொடுக்க அனுமதிக்கிறார்களோ அவ்வளவு சீக்கிரம் கொடுங்கள். கண் தெரியாமல், காது கேளாமல் படுத்திருப்பவருக்கு நிழலெல்லாம் உருவமாகத்தான் தெரியும். பகலில் வெளிச்சம், ராத்திரியில் இருட்டு, பார்வையில் ஒரு கடிகாரம், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ எழுந்து உட்காருவது. எல்லாம் உதவும்.

தெளிந்த பிறகு அதை வைத்துக் கேலி செய்யாதீர்கள். அவர்களுக்குப் பாதி ஞாபகம் இருக்கும், கூசிப்போவார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி

எல்லோரும் காத்திருந்த நாள். ஆனால் பயம் திரும்ப வருவது அன்றைக்குத்தான். ஆஸ்பத்திரியில் மிஷின் பார்த்துக்கொண்டிருந்தது, மணி அடித்தால் நர்ஸ் வந்தார். இங்கே மின்விசிறி சத்தம் மட்டும். தூங்கினால் எழுவோமா என்று அப்பா விடிய விடிய ஈசிசேரில் உட்கார்ந்திருந்தார். முதல் ஒரு வாரம் அதே அறையில் ஒருவர் படுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சின்ன மணி வையுங்கள்.

உடம்பில் விதவிதமாக ஏதேதோ தோன்றும். ஒவ்வொன்றும் மாரடைப்பு போலவே இருக்கும். இவை வழக்கமானவை: இடது நெஞ்சில் மரத்துப்போன உணர்வு, எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு (அங்கிருந்து ரத்தக்குழாய் எடுத்து பைபாஸுக்குப் பயன்படுத்தியிருந்தால் இது மாதக்கணக்கில் இருக்கும்), தோள் முதுகு வலி, பைபாஸுக்கு ரத்தக்குழாய் எடுத்த காலில் வீக்கம், ராத்திரி வியர்வை, பயங்கரமான கனவு, வாய்க்கு எதுவும் பிடிக்காதது, படித்தது மறந்துபோவது. வாரங்கள் போகப் போகக் குறையும்.

உலோக வால்வு வைத்தவர்களுக்கு இன்னொன்று. ராத்திரி அமைதியில் டிக் டிக் என்று உள்ளே கேட்கும். அத்தைக்குப் பத்து நாள் தூக்கம் போனது. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு கேட்டார், சத்தமும் நாடியும் ஒன்றாகப் போவது தெரிந்தது. "சரி, கதவு ஒழுங்கா மூடித் திறக்குது" என்றார். ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைத்தோம். இப்போது கேட்டால், கவனித்தால்தான் கேட்கிறது என்கிறார்.

பிபி மிஷினை எடுத்து மணிக்கு ஒரு தடவை பார்க்கும் பழக்கம் வேண்டாம். பயத்தில் பார்த்தால் எண் கூடும், கூடினால் பயம் கூடும். டாக்டர் சொன்ன வேளையில் மட்டும் பாருங்கள், எழுதிவையுங்கள், மிஷினை அலமாரியில் வையுங்கள்.

பயமா, ஆபத்தா?

எல்லாவற்றையும் "டென்ஷன்" என்று தள்ளிவிடவும் கூடாது. ஆபரேஷனுக்குப் பின் முதல் சில நாட்களில் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு நிறையப் பேருக்கு வருகிறது. அது பதற்றம் போலவே இருக்கும். மூச்சை மெதுவாக விட்டு உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தணிவது பெரும்பாலும் பயம். கீழே உள்ளவை இருந்தால் தணியுமா என்று காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்:

- 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சிவப்பு, நீர் அல்லது சீழ்
- நடு நெஞ்செலும்பு கடக் கடக் என்று நகர்வது
- படுத்தால் மூச்சு முட்டுவது, ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறுவது
- நாடி சீரில்லாமல் அல்லது மிக வேகமாக ஓடிக்கொண்டே இருப்பது
- ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலிப்பது

மயக்கம் போட்டு விழுந்தால், நெஞ்சை அழுத்தும் வலி விடாமல் இருந்தால், வாய் கோணினால், கை கால் விளங்காமல் போனால், பேச்சுக் குழறினால் நேராக 108.

அழுகை, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமை

என் அப்பா அதுவரை அழுது நாங்கள் பார்த்ததில்லை. மூன்றாவது வாரம், தட்டில் ரசம் சோற்றைப் பார்த்து அழுதார். காரணம் கேட்டால் தெரியவில்லை என்றார். இது நிறையப் பேருக்கு வருகிறது. "நல்லாதானே ஆயிடுச்சு, அப்புறம் என்ன?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். காலையில் குளித்து, பகல் உடுப்பு போட்டுக்கொண்டு, நாள் முழுக்கக் கட்டிலில் கிடக்காமல் இருந்தாலே பாதி மாறும்.

ஆனால் ஒரு கெடு வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனசு சோர்ந்தே இருந்தால், எதிலும் விருப்பம் இல்லையென்றால், மாத்திரையை விட்டால், நடக்க மறுத்தால், இதய டாக்டரிடமே அதைச் சொல்லுங்கள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம் வேண்டாம், அன்றைக்கே. தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம்.

இதற்குச் சிகிச்சை உண்டு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் பைபாஸுக்குப் பின் மனச்சோர்வு வந்த 302 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினரோடு மட்டும் நர்ஸ்கள் எட்டு மாதம் தொலைபேசியிலேயே தொடர்ந்து பேசி, டாக்டர்களோடு சேர்ந்து சிகிச்சையைக் கவனித்தார்கள். அந்தப் பிரிவு நோயாளிகளின் மனநிலையும் அன்றாட நடமாட்டமும் மற்றவர்களைவிடத் தேறின. மாத்திரை தேவைப்பட்டால் அதற்கும் பயப்பட வேண்டாம், இதய நோயாளிகளுக்குப் பொருந்தும் மருந்துகள் இருக்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் மனநல டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்ல வேண்டும், சில மருந்துகள் சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடலாம்.

நடை, பிறகு மற்றதெல்லாம்

பயத்துக்கு நான் பார்த்ததிலேயே நல்ல மருந்து நடை. முதலில் வீட்டுக்குள் ஐந்து நிமிஷம், நாளைக்கு நாலைந்து தடவை. பிறகு வாசல், பிறகு தெருமுனை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. இங்கேதான் வீட்டுக்காரர்களின் பயம் குறுக்கே வரும். "அசையாதீங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று அம்மா அப்பாவைத் தண்ணீர் டம்ளரைக்கூட எடுக்க விடவில்லை. தன்னால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் அவருக்கு அதிலேயே வேரூன்றியது. மருத்துவமனையில் இதய மறுவாழ்வுப் பயிற்சி இருந்தால் கணவன், மனைவி இரண்டு பேரும் போங்கள். அவர் மிஷினில் நடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அம்மாவுக்குத் தைரியம் வந்தது.

தடை உள்ளவை உண்டு. நெஞ்செலும்பு கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்கக் கூடாது. கட்டிலில் இருந்து எழும்போது கையை ஊன்றாமல் ஒருக்களித்துப் புரண்டு எழ வேண்டும். ஸ்கூட்டர் எப்போது என்பதை டாக்டரிடம் கேளுங்கள். தாம்பத்தியம் பற்றியும் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு வருஷக்கணக்கில் விலகிப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் பெரும்பாலானவர்களுக்கு அது சரிதான் என்பது டாக்டர்கள் சொல்லும் பொது அளவு.

அத்தை பதிமூன்றாவது வாரம் மாடிப்படி ஏறினார். நடுவில் ஒரு தடவை நின்று நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாவு வாளியை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வத்தலை அவர்தான் பிழிந்தார்.